பெட்டியடிப் பையன், வயது 68

எங்கள் ஐயா காலத்தில் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போவதற்கு ஒரு முறை இருந்தது. ரங்கூனோ பினாங்கோ, முதலாளி ஊரில் இருப்பார். கடையை நடத்த மேலாள் கப்பலேறுவார். அவருக்குக் கீழே அடுத்தாள். எல்லோருக்கும் கீழே, கூப்பிட்ட குரலுக்கு ஓட ஒரு பெட்டியடிப் பையன். சம்பளச்சீட்டு எழுதிக் கொடுத்தால் மூன்று வருஷக் கணக்கு. அந்த மூன்று வருஷமும் ஆச்சிமார் இங்கே முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று நீளும் வீட்டுக்குள் சாவிக்கொத்தோடு நடந்து தீர்ப்பார்கள்.

நானும் எங்கள் வீட்டு ஆச்சியும், அதாவது என் மனைவியும், போனது பாஸ்டன் பக்கம். மகளுக்கு இரண்டாவது பிரசவம். ஆறு மாதக் கணக்கு, சம்பளம் கிடையாது. "கிட்டத்தட்ட மிஷனரி ஊழியம்தான் போங்க" என்றார் பக்கத்து வீட்டு வாத்தியார். விளையாட்டாகச் சொன்னாலும் அதில் விஷயம் இருந்தது. 1819-ல் இதே பாஸ்டனில் கப்பலேறித்தான் டாக்டர் ஜான் ஸ்கடரும் அவர் மனைவி ஹாரியட்டும் இலங்கைக்கு வந்து யாழ்ப்பாணத்தில் ஊழியம் செய்தார்கள். வேலூர் ஆஸ்பத்திரியைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் அவர்களுடைய பேத்தி. அங்கிருந்து ஒரு ஜோடி இங்கே வந்து இருநூறு வருஷம் ஆகிவிட்டது. பதில் மொய் செய்ய வேண்டாமா?

வங்கியில் முப்பது வருஷம் கணக்குப் பார்த்தவன் நான். ஆங்கிலமும் தெரியும். ஆகவே இந்தப் பயணத்தின் மேலாள் நானே என்று சந்தேகமில்லாமல் இருந்தேன். அந்தப் பதவி பாஸ்டன் விமான நிலையத்தோடு போயிற்று.

பெட்டியில் சீப்புச் சீடை, கருப்பட்டி, பிரசவ லேகியம், நடுவில் பித்தளைத் தேன்குழல் அச்சு. சோதனை செய்த அதிகாரி அச்சை வெளியே எடுத்து, அதன் ஓட்டை வழியாக என்னைப் பார்த்தார். நான் இலக்கணம் பிசகாமல் ஆங்கிலத்தில் விளக்கினேன். அழுத்தம், குழாய், கொதிக்கும் எண்ணெய் என்று நான் சொல்லச் சொல்ல அவர் முகம் இறுகியது. ஆச்சி என்னை ஓரமாகத் தள்ளினாள். இரண்டு கையாலும் அச்சைப் பிழிவதுபோல் காட்டி, விரலால் காற்றில் வட்டம் சுற்றி, வாயில் போட்டு 'கறுக்' என்றாள். அவர் சிரித்துவிட்டார். அச்சு பெட்டிக்குள் போனது.

வீட்டுக்குப் போனதும் பதவிகள் தாமாகவே பங்கிடப்பட்டன. பிறக்கப் போகிறவர் முதலாளி. ஆச்சி மேலாள். ஐந்து வயதுப் பேரன் அடுத்தாள்; எந்தக் குப்பை எந்த வாளிக்குப் போகும், எந்தப் பொத்தானை அமுக்கினால் வெந்நீர் வரும் என்பதெல்லாம் அவனுக்குத்தான் தெரியும். மிச்சம் இருந்த ஒரே காலியிடத்தில் என்னைச் சேர்த்தார்கள்.

பெட்டியடிப் பையனுக்கு வாரா வாரம் முக்கியமான வேலை ஒன்று உண்டு: குப்பை வாளிகளைத் தெருவோரம் வைப்பது. முதல் வாரம் பால் டப்பாவைத் தவறான வாளியில் போட்டுவிட்டேன். அடுத்தாள் அதை வெளியே எடுத்து என் முன்னால் நீட்டினான். வங்கியில் வராத மெமோ அன்றுதான் வந்தது.

குழந்தை பிறந்தது, பெண். அதன் பிறகு வீடு பூண்டுக் குழம்பு வாசத்தில் மிதந்தது. எங்கள் பக்கம் அம்மாவைப் பெற்றவளை 'ஆயா' என்போம். சென்னையில் அந்தச் சொல்லுக்கு, பிள்ளை பார்த்துக்கொள்ளச் சம்பளத்துக்கு வருகிற அம்மாள் என்று அர்த்தம். சென்னைக்கார மாப்பிள்ளைக்குக் கல்யாணமான நாளிலிருந்தே இதில் ஒரு சங்கடம். இப்போது ஆச்சியே அவரிடம் சொன்னாள்: "கவலைப்படாதீங்க மாப்பிள்ளை, இங்கே ரெண்டு அர்த்தமும் சரியாப் போச்சு. சம்பளந்தான் பாக்கி."

டிசம்பரில் எனக்கு ஒரு நாள் விடிந்தது. பிள்ளையார் நோன்பு. திருக்கார்த்திகையிலிருந்து 21 நாள், நாளுக்கு ஓர் இழை. கடலில் திசை தெரியாமல் தவித்த நம் முன்னோர்கள் கட்டியிருந்த வேட்டியில் தினம் ஒரு நூல் எடுத்து வைத்து வேண்டிக்கொண்டதாகச் சொல்வார்கள். ஆக இது வெளியூரில் பிறந்த நோன்புதான். நெய்யும் வெல்லமும் பிசைந்த மாவில் அந்த நூல் திரியைப் பொருத்தி, ஏற்றி, வீட்டில் மூத்தவர் கையால் கொடுக்க வேண்டும். வாங்குகிறவர் சுடரோடு வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். மூத்தவர் யார்? நான். வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டேன். வெளியே பனி கொட்டியது.

முதல் இழையைப் பேரனிடம் நீட்டினேன். இனிப்புக்கு மேலே நெருப்பு இருந்தால் அது என்னவென்று அவனுக்குத் தெரியாதா? கன்னத்தை உப்பி 'பூ' என்று ஊதி அணைத்துவிட்டு, கையைத் தட்டி, பிறந்தநாள் பாட்டையும் ஆரம்பித்தான். எழுந்த புகையில் கூரையில் இருந்த புகைமணி அலறியது. குழந்தை அலறியது. மகள் "அப்பச்சி, துண்டு, துண்டு!" என்று கத்தினாள். மூத்தவர் நாற்காலி மேல் ஏறி, புகைமணிக்குத் துண்டால் விசிறத் தொடங்கினார்.

மேலிருந்து பார்த்தேன். ஆச்சி அசையவில்லை. அணைந்த இழையை மறுபடி ஏற்றினாள். "பிள்ளையாருக்கும் இன்னைக்குப் பொறந்தநாள்னே வச்சுக்கிடுவோம். ஆனா அவரு ஊத மாட்டாரு, முழுங்கிருவாரு. நீயும் முழுங்கு" என்றாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு முழுங்கினான். பிறகு வாயைத் திறந்து, நெருப்பு உள்ளே போய்விட்டதா என்று எல்லோரிடமும் காட்டினான். இதை நான் சொல்லியிருந்தால் முன்னோர்கள் வாழ்ந்த காவிரிப்பூம்பட்டினத்தில் தொடங்கியிருப்பேன்; இழை ஆறிப் போயிருக்கும்.

பிப்ரவரிக் கடைசியில் கணக்கு முடித்தோம். விமான நிலையத்தில் மகள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "அப்பச்சி, டிக்கெட் விலை ஏறிக்கிட்டே போகுது. அடுத்த தடவை ஆத்தா மட்டும் வந்தாக்கூடப் போதும்."

"அதெப்படிம்மா? கோவில் கணக்கில் நாங்க ரெண்டு பேரும் சேர்ந்துதானே ஒரு புள்ளி? ஒருத்தர் போனாத்தானே அரைப்புள்ளின்னு எழுதுவாக. நான் இருக்கும்போதே பாதியை எப்படி அனுப்புறது?"

மகள் யோசித்தாள். முடிவைச் சொன்னவன் அடுத்தாள்.

"ஐயாவும் வரட்டும்மா. குப்பை வாளியை யார் வைக்கிறது? இப்பத்தான் ஒழுங்கா வைக்கிறாங்க."