வைக்கோல்காரனுக்கு அட்வான்ஸ் கிடையாது

தேனி மாவட்டத்துக் கம்பம் பக்கம் யார் வீடு கட்டினாலும் முதலில் குடியேறுகிறவன் ஒருத்தன் உண்டு. பழைய சட்டை, கிழிந்த பேன்ட், உள்ளே திணித்த வைக்கோல், தலைக்கு மண்சட்டி, அதில் கரியால் முறுக்கு மீசை. திருஷ்டிப் பொம்மை. சட்டைக்குள் வைக்கோல் கொஞ்சம் தூக்கலாகப் போய், மீசைக்குக் கீழே மார்பு எடுப்பாக நிற்கும். நீ ஆணா பெண்ணா என்று எந்தத் தாசில்தாரும் அவனைக் கேட்டதில்லை.

பால் காய்ச்சுகிற அன்று திருநங்கை ஒருவர் வருவார். வாசலில் சூடம் சுற்றி, கைதட்டி, "நல்லா இருப்பீக" என்பார். வீட்டுக்காரர் பயபக்தியோடு நூறு ரூபாய் நீட்டுவார். அவங்க வாக்கு பலிக்குமாம். அடுத்த மாதம் மாடியில் 'டு-லெட்' பலகை. அதே திருநங்கை போய்க் கேட்டால், "ஃபேமிலிக்கு மட்டுந்தாம்மா விடுறோம்." வாக்கு மாடி ஏறலாம், வாய் ஏறக்கூடாது!

பொம்மைக்குப் பெயர்போன திருநங்கை ஒருவரும் உண்டு, கிரீர் லாங்க்டன். 1958-இல் அமெரிக்காவில் பாதிரியார் வீட்டில் பிறந்தவர். 1980-களில் நியூயார்க்கின் ஈஸ்ட் வில்லேஜில் கம்பி முறுக்கி, துணி சுற்றி, கண்ணாடிக் கண் பதித்துப் பொம்மைகள் செய்தார். செய்ததோடு விடமாட்டார், பிரித்து, இளைக்கவைத்து, மறுபடி தைப்பார். கணவரின் கடைச் சன்னலில் அவை உட்கார்ந்திருந்தன. 1995-இல் வெனிஸ் பினாலே வரை போயின. மறுவருடமே, 38 வயதில், போதைமருந்தால் இறந்தார். சிகாகோவில் அவர் குடியிருந்த வீட்டைப்போலவே அவர் அமைத்த காட்சி, இன்று பிட்ஸ்பர்க்கின் மேட்ரஸ் ஃபேக்டரி அருங்காட்சியகத்தில் நிரந்தரமாக இருக்கிறது. செத்தபின் இடம் கொடுப்பதில் அமெரிக்காவும் நமக்குச் சளைத்ததில்லை.

லாங்க்டன் செய்ததை 'அண்டர்கிரவுண்ட்' கலை என்பார்கள். தேனிக்காரனுக்குத் தெரிந்த ஒரே அண்டர்கிரவுண்ட் பாதாளச் சாக்கடை. இங்கே ஒரு லாங்க்டன் பொம்மை செய்ய வேண்டுமென்றால் முதலில் கம்பியும் துணியும் வைக்க ஓர் அறை வேண்டும். அறைக்கு ஃபேமிலி வேண்டும். ஃபேமிலிதான் பதினைந்து வயதில் அடித்துத் துரத்திவிட்டதே!

2014-இல் உச்ச நீதிமன்றம், உன் பாலினத்தை நீயே சொல்லலாம், ஆபரேஷன் கட்டாயமில்லை என்றது. 2019-இல் வந்த சட்டமோ, சொல்லிக்கொள், ஆனால் மாவட்ட ஆட்சியரிடம் சான்றிதழ் வாங்கிக்கொள் என்றது. அந்தச் சான்றிதழை உறைபோட்டு எடுத்துக்கொண்டு போனாலும் வீட்டுக்காரர் வாங்கிப் பார்ப்பதில்லை. கேட்டுக்கு வெளியே வைத்தே "ஆள் வந்தாச்சும்மா" என்கிறார்.

உண்மைதான். மீசைக்காரன் சாரம் பிரித்தபின்னும் மாடிக் கம்பியில்தான் தொங்குகிறான்.