நேரியல் இயற்கணிதமும் நெல்வயலும்: கடைமடையிலிருந்து ஓர் ஆய்வு

கணிதம் படிக்கும் பிள்ளைகளை அதிகம் கவிழ்ப்பது மெய்ப்பகுப்பாய்வா, நேரியல் இயற்கணிதமா என்பதில் அறிஞரிடையே இரு கட்சி உண்டு. இக்கட்டுரையாளர் இரண்டிலும் அரியர் வைத்தவர், ஆகவே நடுநிலையாளர்.

முதலில் இலக்கணம். போடுவதை இரட்டித்தால் வருவதும் இரட்டிக்க வேண்டும். சேர்த்துப் போட்டாலும் தனித்தனியே போட்டுக் கூட்டினாலும் விடை ஒன்றாக வேண்டும். இதுவே நேரியல். இது நடக்கும் வெக்டர் வெளிக்கு 1888-இல் விதி எழுதியவர் தூரின் நகரத்துப் பியானோ. இத்தாலியின் நெல் விளையும் சீமையும் அந்தப் பக்கம்தான். மனுஷர் வரப்பில் ஒருமுறை நடந்திருந்தால் பேனாவைக் கீழே வைத்திருப்பார்.

கள ஆய்வு, பெயருக்கேற்பக் களத்திலேயே நடந்தது. அறுவடை மெஷின் வந்த பின்பும் வைக்கோலுக்காக ஆள் வைத்து அறுப்பவர் திருத்துறைப்பூண்டிப் பக்கத்துப் பெரியப்பா. அவரிடம், சீனத்தின் 'ஒன்பது அத்தியாயங்கள்' என்னும் பழங்கணித நூலின் எட்டாம் அத்தியாயக் கணக்கை மரக்காலாக மாற்றிச் சொன்னேன். உயர்ந்த கதிர் 3 கட்டு, நடுத்தரம் 2, மட்டம் 1 சேர்ந்து 39 மரக்கால். 2, 3, 1 சேர்ந்தால் 34. 1, 2, 3 சேர்ந்தால் 26. கட்டுக்கு எவ்வளவு?

"கட்டு யாருப்பா கட்டுனா?" என்றார்.

"ஏன் பெரியப்பா?"

"ஒருத்தன் கட்டுன மாரி இன்னொருத்தன் கட்டுவானா? அதான் கணக்கு உதைக்குது. யூரியாவ ரெண்டு மடங்கு போட்டா ரெண்டு மடங்கா விளையும்? பயிரு சாஞ்சுல்ல போவும்!"

விடை 9¼, 4¼, 2¾. அவர் கேட்டுக்கொள்ளவில்லை.

டெல்டாப் பிள்ளைக்கு இப்பாடம் கடினமாவது இதனால்தான். மேட்டூரில் 120 அடிக்கு 93.47 டி.எம்.சி. என்றால் 60 அடிக்கு அதில் பாதி இருக்காது, வெகு குறைவாக இருக்கும் என்பதைத் தினத்தாள் பார்த்தே வளர்ந்தவன் அவன். இரட்டித்தால் இரட்டிக்கும் என்று கரும்பலகையில் எழுதினால் எப்படி நம்புவான்?

நேரியலுக்கு ஊரில் ஒரே சான்று கல்லணை. வந்த நீர் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் நான்குக்கும் பிரிகிறது. கூட்டினால் வந்ததே வரவேண்டும். சமன்பாடு ஒன்று, மாறிகள் நான்கு, தீர்வுகள் எண்ணற்றவை. குறைதீர் கூட்டம் எதற்கு அவ்வளவு நேரம் நடக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான நிறுவல் கிடையாது. வரத்து பூச்சியமானால்? எதிர்க்குறித் தண்ணீர் எந்த ஆற்றிலும் ஓடாது என்பதால் நான்கும் பூச்சியம். பிளஸ் டூ புத்தகம் இதை வெளிப்படைத் தீர்வு என்கிறது. கல்லூரிக்குப் போனதும் அதுவே டிரிவியல் சொல்யூஷன். அணி மேட்ரிக்ஸ் ஆகிவிடும். தமிழ்வழியில் வந்தவனுக்கு முதல் மாதம் இதிலேயே போய்விடும். கடைமடைக்காரருக்கோ அந்தத் தீர்வு எந்த மொழியிலும் மனப்பாடம்.

ராமானுஜனே கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தார் என்று ஆறுதல் சொல்வோர் உண்டு. 1904-இல் அங்கே சேர்ந்தவரைக் கவிழ்த்தது ஆங்கிலம், கணக்கு அல்ல. அந்த ஆறுதல் செல்லாது.

அரியர் எழுதுவோர் கவனத்துக்கு: தேர்வு நவம்பரில் வரும். வடகிழக்குப் பருவமழையும் அப்போதுதான். பஸ் ஓடுமா என்று முந்தின நாளே விசாரித்துக்கொள்ளுங்கள்.