பெட்டிக்குள் மருந்து எவ்வளவு? விருதுநகர் மாவட்டத்தில் கணினி வாங்கும் முறைமை குறித்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சிக்கல்

மேலட்டையைப் பார்த்து உள்ளிருக்கும் மருந்தை மதிப்பிடக் கூடாது என்பதை உலகில் வேறெவரையும்விட நன்கறிந்தவர்கள் சிவகாசி வட்டாரத்தார். மருந்து கலப்பதும் இவர்களே, அட்டை அச்சடிப்பதும் இவர்களே. தாமரையில் நிற்கும் லட்சுமியின் படத்துக்கும் வெடியின் சத்தத்துக்கும் யாதொரு தொடர்பும் இல்லை என்பது இங்கே பள்ளிக்கூடம் போகாத பிள்ளைக்கும் தெரியும். அப்படிப்பட்ட ஊர்க்காரர் ஒருவர் கேம் ஆடவோ, லைவ் போடவோ, வீடியோ எடிட் பண்ணவோ ஒரு சிஸ்டம் வாங்கக் கடையேறுகிறார். கண்ணாடிக் கேபினெட்டுக்குள் வண்ண வண்ணமாக மின்னும் ஃபேனைக் காண்கிறார். "இதையே போட்ருங்க அண்ணாச்சி" என்கிறார். இம்முரண் எவ்வாறு தோன்றுகிறது என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

எல்லையும் தகவலாளிகளும்

வடக்கே விருதுநகர்ப் பருப்புக் கிட்டங்கிகள், தெற்கே சாத்தூர்ச் சேவுக் கடைகள், மேற்கே ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா, கிழக்கே அருப்புக்கோட்டைத் தறிகள் ஆகியன இவ்வாய்வின் எல்லைகள். தகவலாளிகள் மூவகைப்படுவர்: கேம் ஆடுவோர், பட்டாசை வெடித்துக் காட்டி யூடியூபில் ஏற்றுவோர், அச்சாபீஸில் டிசைனராக இருந்து கல்யாண வீடியோவுக்கு மாறியோர். "படிக்கத்தாம்ப்பா" என்று வீட்டில் சொல்லி வாங்குவோரை நான்காம் வகையாக வைக்க முதலில் எண்ணப்பட்டது. அவர்கள் முதல் வகையுள் முழுமையாக அடங்கிவிடுவதால் தனி வகை தேவைப்படவில்லை.

முன்னோர் வழி

1920களின் தொடக்கத்தில் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினார்கள். அங்கிருந்து அவர்கள் கொண்டுவந்தது, குச்சி முனையில் என்ன மருந்து, எவ்வளவு என்கிற கணக்கு. தீப்பெட்டி வந்த பிறகுதான் அதற்கு லேபிள் தேவைப்பட்டது. லேபிளை ஒட்டித்தான் அச்சாபீஸ் வளர்ந்தது. ஆகவே முதலில் மருந்து, பிறகு லேபிள் என்பதே சிவகாசியின் வரலாற்று வரிசை. இவ்வரிசை கணினிக் கடை வாசலில் தலைகீழாகிவிடுகிறது. அதை நேராக்கும் பொருட்டுப் பின்வரும் நூற்பாக்கள் இயற்றப்பட்டு, உரையும் வகுக்கப்பட்டது.

லேபிள் இயல்

நூற்பா 1: விளக்கு மிகுதல் விசை மிகுதல் அன்று.

உரை: இந்நூற்பா என்ன நுதலிற்றோ எனின், ஆர்.ஜி.பி. விளக்கு நுதலிற்று. வாணத்தில் சிவப்புக்கு ஸ்ட்ரான்ஷியம், பச்சைக்குப் பேரியம், நீலத்துக்குச் செம்பு. மூன்றில் நீலம்தான் போர்மேனைப் பாடாய்ப் படுத்துவது. சூடு கொஞ்சம் கூடினாலும் வெளுத்துவிடும். எல்.இ.டி. விளக்கிலும் நீலம்தான் கடைசியில் வசப்பட்டது. அதைச் சாதித்ததற்காக, குட்டி ஜப்பான் எனப்படும் சிவகாசியில் அல்ல, அசல் ஜப்பானில் பிறந்த மூவருக்கு 2014இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. இவ்வளவு அரும்பாடுபட்டுப் பிறந்த ஒளி, கேபினெட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு கேமுக்கு ஒரு ஃப்ரேம்கூடக் கூட்டித் தருவதில்லை என்க.

நூற்பா 2: பெயர் ஒன்றாதலால் மருந்து ஒன்றாகாது.

உரை: "ஐ7 சிஸ்டம்" என்று சொல்லி விற்பார்கள். எந்தத் தலைமுறை ஐ7 என்று கேட்பவர் அரிது. 2013இல் வந்த ஐ7-4770க்கு நான்கு கோர், எட்டு த்ரெட். 2022இல் வந்த ஐ3-12100க்கும் அதே நான்கு, அதே எட்டு. ஆனால் வேகத்தில் பின்னது முன்னதை எளிதாகத் தாண்டிவிடும். ஐ7 என்ற எழுத்து நமத்துப்போவதில்லை, உள்ளிருப்பதுதான் நமத்துப்போகிறது.

"நாலு ஜிபி கிராபிக்ஸ் கார்டு இருக்கு" என்பதும் இவ்வகையே. 2014இல் வெளிவந்த ஜிடி 730இலும் 4 ஜிபி வைத்து விற்றார்கள். நினைவகம் 4 ஜிபி என்பது மெய். அதை நிரப்பிப் புதிய கேம் ஓட்டும் வலு அந்தச் சில்லுக்குக் கிடையாது என்பதும் மெய். கிப்ட் பாக்ஸின் மேல் ஐட்டம் எண்ணிக்கையைப் பெரிதாகப் போட்டுவிட்டு, உள்ளே பாம்பு மாத்திரையும் சாட்டையுமாக நிரப்பிய கை எதுவோ, அந்தக் கைக்கு இந்த வித்தை புரியாமல் போவது வியப்பே.

திரி இயல்

நூற்பா 3: கண்ணிற் படாததற்கே காசு முதலில்.

உரை: ஈண்டுக் கண்ணிற் படாதது எஸ்.எம்.பி.எஸ். என்னும் மின்வழங்கி. கேபினெட்டின் அடியில் மூடிய அறைக்குள் கிடப்பதால் இதற்கு மின்னும் விளக்கு இல்லை. ஆதலால் மதிப்பும் இல்லை. கேபினெட்டோடு சேர்ந்து வரும் மலிவுச் சரக்கே போதும் என்பது வாங்குவோர் துணிபு. இதன் தரத்தைக் குறிக்க 2004 முதல் "80 பிளஸ்" என்றொரு சான்று உண்டு. சுவரிலிருந்து இழுக்கும் மின்சாரத்தில் நூற்றுக்கு எண்பதாவது வீணாகாமல் உள்ளே போய்ச் சேருகிறதா என்று அது பார்க்கிறது. சிவகாசியிலோ எண்பது என்றால் வேறு பொருள். பட்டாசு விலைப்பட்டியலில் விலையை மலைபோல் போட்டு, எண்பது, தொண்ணூறு விழுக்காடு தள்ளுபடி தருவது இங்கே பொது வழக்கு. ஆதலால், "எண்பது பிளஸ்னா எண்பதுக்கு மேல எவ்வளவு கழிப்பீங்க அண்ணாச்சி?" என்ற கேள்வி எழுவது இயல்பே.

மின் அளவைக் குறைத்து மதிப்பிடல் ஆகாது. ஆர்டிஎக்ஸ் 4090 என்னும் கார்டு தனியாக 450 வாட் குடிக்கும். 2022இல் அது வந்த புதிதில் சிலருக்கு அதன் மின் இணைப்பு முனை உருகியது. முழுதாகச் செருகாததே காரணம் என்று என்விடியா விளக்கம் தந்தது. திரி சரியாக இறங்கவில்லை என்றால் என்ன ஆகும் என்பதைச் சிவகாசிக்கு வெளியிலிருந்து யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை.

பொறி இயல்

நூற்பா 4: வாணம் சுருங்காது.

உரை: இவ்வாய்வின் தலையாய பகுதி இதுவே. வெளியூர்க்காரர் ஒரு கணினியைச் சோதிக்கக் கேம் ஓட்டிப் பார்ப்பார். இவ்வட்டாரத்தின் சுமை வேறு: 240 ஷாட் ஃபேன்சி வெடித்துச் சிதறும் இரவு வானம். 1080பி படத்தில் 20,73,600 புள்ளிகள். புள்ளிக்கு 24 பிட், நொடிக்கு 60 படம் என்று பெருக்கினால் நொடிக்கு ஏறத்தாழ 300 கோடி பிட் வரும். லைவ் அனுப்பும்போது நாம் பெரும்பாலும் வைக்கும் அளவு நொடிக்கு 60 லட்சம் பிட். அதாவது ஐந்நூறில் ஒரு பங்கு மட்டுமே கம்பியில் போகிறது.

இது எப்படிச் சாத்தியம் எனின், முந்தைய படத்துக்கும் இந்தப் படத்துக்கும் இடையே மாறியதை மட்டும் எழுதி அனுப்புவதே படத்தைச் சுருக்கும் என்கோடரின் தந்திரம். செய்தி வாசிப்பவரின் உதடு மட்டும் அசையும், சுவர் அப்படியே நிற்கும், வேலை மிச்சம். வாணத்தில் எதுவும் அப்படியே நிற்பதில்லை. ஒவ்வொரு பொறியும் ஒரு படத்தில் பிறந்து, அடுத்த சில படங்களுக்குள் செத்துவிடுகிறது. எதை மிச்சம் பிடிப்பது? ஆகவே படம் கட்டம் கட்டமாக உடைகிறது. தயாரித்தவர் ஆயிரம் பொறி வைத்தார். பார்த்தவருக்கு வந்தது பத்துப் பதினைந்து சதுரம்.

இதற்குத் தீர்வு கேமுக்குரிய பெருங்கார்டு அன்று. என்கோட் செய்வதற்கென்றே சில்லுக்குள் தனிச் சுற்று உண்டு. இன்டெல் 2011இலும் என்விடியா 2012இலும் அதைக் கொண்டுவந்தன. 2022 முதல் வந்த கார்டுகள் பலவற்றில் ஏவி1 முறையும் சேர்ந்தது. அதே பிட்டுக்கு இன்னும் தெளிந்த படம் தரும். நடுத்தர விலைக் கார்டிலும் இந்தச் சுற்று இருக்கிறது. மீதிப் பணம் அப்லோட் வேகத்துக்கு. போனில் ஆடும் கேமை லைவ் போடுபவருக்குக் கிராபிக்ஸ் கார்டே பெரிதில்லை; ஒரு கேப்சர் கார்டு போதும்.

எடிட் செய்வோர்க்கு வரிசை வேறு. 4கே படத்தில் நான்கு மடங்கு புள்ளிகள்; எனவே 32 ஜிபி ராம், வேகமான எஸ்.எஸ்.டி., அதன் பிறகே கார்டு. அதுவும் கட்டாதவர், கனமான காட்சிகளுக்குச் சிறு நகல் எடுத்து அதில் வெட்டி ஒட்டி, கடைசியில் அசலோடு இணைக்கலாம். இதைப் பிராக்ஸி என்பர். அச்சாபீஸிலிருந்து வந்தவர்க்கு மானிட்டரே முதல். திரையில் ஜொலித்த நீலம் நான்கு மை அச்சில் மங்கி வந்து, பார்ட்டியிடம் பேச்சு வாங்கிய அனுபவம் அவருக்கு ஏற்கெனவே உண்டு. கேம் ஆடுவோர்க்கு மட்டுமே கிராபிக்ஸ் கார்டு தலைப்பிள்ளை.

வெக்கை இயல்

நூற்பா 5: அறையினும் குளிராது உள்ளறை.

உரை: மழை குறைந்த வறண்ட நிலம் என்பதால்தான் தீக்குச்சியும் பட்டாசும் அச்சுத்தாளும் இங்கே காய்ந்து பலன் தந்தன. கணினிக்கு அதுவே கேடு. ஃபேன் எவ்வளவு சுற்றினாலும் அறையின் வெப்பத்துக்குக் கீழே இறக்க முடியாது. சித்திரை வெக்கையில் அறையே நாற்பது டிகிரி. பிராசசர் நூறு டிகிரியை நெருங்கினால் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகம் குறைத்துக்கொள்ளும். கரிசல் தூசி ஒருபுறம். அச்சாபீஸில் வைத்தால் ஆஃப்செட் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்கத் தூவும் பவுடர் மறுபுறம். கண்ணாடியால் முழுதும் அடைத்த கேபினெட் இங்கே அழகு. வலை முகப்பு வைத்ததே அறிவு.

வறண்ட காற்றில் நிலைமின்சாரமும் மிகும். பயராபீஸ் எனப்படும் பட்டாசு ஆலையில் பருத்தி உடுத்துவதும், உலோகத்தைத் தொட்டு உடல் மின்னை மண்ணில் இறக்குவதும், ஓர் அறையில் இத்தனை பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்பதும் உயிர்களைக் கொடுத்துக் கற்ற விதிகள். அவற்றின் முன் நம் ராம் கருகுவது ஒரு பொருட்டே அன்று. ஆயினும் கைவினை அறிந்த ஊர் கைவினையைக் கைவிட வேண்டியதில்லை: போர்டைத் தொடுமுன் கேபினெட்டின் இரும்பைத் தொடுக. ஓசை குறித்து ஒரு சொல்: பட்டாசுக்கு நான்கு மீட்டர் தொலைவில் 125 டெசிபல் என்று சட்டம் எல்லை வகுத்திருக்கிறது. லைவ் போடுபவரின் மைக்குப் பக்கத்தில் இரையும் ஃபேனுக்கு அப்படி எந்தச் சட்டமும் இல்லை.

மறுப்பும் விடையும்

"பின்னால தேவைப்படும், இப்பவே பெரிசா வாங்கிருவோம்" என்பார் உளர். போன தீபாவளிக்கு மிஞ்சியதை இந்தத் தீபாவளிக்குப் பற்றவைத்துப் பார்த்தவர் இம்மறுப்பை எழுப்ப மாட்டார். "காத்திருந்தால் விலை இறங்கும்" என்பார் வேறு சிலர். 2025 கடைசியில் செயற்கை நுண்ணறிவு மையங்களின் தேவை பெருகி ராம் விலை ஏறியதைக் கண்டபின் அதுவும் உறுதியன்று. வற்றல் விலையை நாள்தோறும் பார்க்கும் விருதுநகர்க் கிட்டங்கிக்காரர் இதற்கு அசரவில்லை.

முடிவு

லேபிள் பொய் சொல்லும் என்பது விற்பவனின் அறிவு. கல்லாவுக்கு அந்தப் பக்கம் நிற்கும்வரை அது கூர்மையாக இருக்கிறது; இந்தப் பக்கம் வந்ததும் மழுங்கிவிடுகிறது. ஆகவே அறிவைக் கூட்டுவதில் பயனில்லை. பழக்கத்தைக் கடத்தினால் போதும். மொத்தமாகச் சரக்கெடுக்க வரும் வியாபாரி சிவகாசியில் என்ன செய்கிறார்? விலைப்பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு, "ஒண்ணு வெடிச்சுக் காட்டுங்க" என்கிறார். அதையே நாமும் செய்யலாம். 240 ஷாட் வெடிக்கும் ஒரு நிமிட 4கே காட்சியைப் பென்டிரைவில் போட்டுக் கடைக்குக் கொண்டுபோய், "இதை எக்ஸ்போர்ட் பண்ணிக் காட்டுங்க அண்ணாச்சி" என்று கேட்பதே இவ்வாய்வின் பரிந்துரை. ஃபேன் எந்த நிறத்தில் சுற்றினாலும் அந்த ஒரு நிமிடத்தில் உண்மை வெளிவந்துவிடும்.

மேலாய்வுக்கு இடம்

தன் கடையில் எண்பது விழுக்காடு கழிப்பவர் கணினிக் கடையில் "எம்.ஆர்.பி.யே இதுதானா?" என்று அப்பாவியாய்க் கேட்பது ஏன்? கிராபிக்ஸ் கார்டுக்கும் பட்டாசுக்கும் ஜி.எஸ்.டி. ஒரே 18 விழுக்காடாக இருக்கையில், வீட்டில் பட்டாசுக்குக் கேட்காமல் கிடைக்கும் காசு கார்டுக்கு மட்டும் கெஞ்சினாலும் கிடைக்காதது ஏன்? "படிக்கத்தான்" என்று வாங்கிய சிஸ்டத்தில் முதலில் இன்ஸ்டால் ஆவது எது? மூன்றாம் வினாவுக்கு மட்டும் விடை எல்லா வீட்டிலும் தெரியும். ஆனால் தகவலாளிகள் அப்பா பக்கத்தில் இருக்கும்போது பேச மறுப்பதால் அதைப் பதிவுசெய்ய இயலவில்லை.