கொல்லை முருங்கைப் பூவின் உடைமைச் சிக்கல்: ஓர் ஆய்வு

1. முன்னுரை

வசந்தம் என்று தனியாக ஒரு பருவம் நமக்கு வாய்த்ததில்லை. மாசிப் பனி கிளம்புமுன்பே பங்குனி வெயில் திண்ணையில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. அந்த இடுக்கில் பூத்துக் குலுங்கும் சின்ன மரம் முருங்கை. தாவரவியலார் இதை மொரிங்கா ஒலிஃபெரா என்பர். முற்பாதி நம் முருங்கையேதான். மொரிங்கேசியே குடும்பத்தில் ஒரே பேரினம், 13 சிற்றினங்கள். சிறு குடும்பம், சொத்துத் தகராறுக்கு முகாந்திரமில்லை. தகராறு மதிலுக்கு வெளியே தொடங்குகிறது.

2. களம்

எங்கள் கொல்லை. மதிலிலிருந்து நான்கடி தள்ளி மூன்று முழப் போத்து ஒன்றை நட்டு, வெட்டுவாயில் சாணி அப்பியவன் இவ்வாய்வாளன். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி தந்த பி.கே.எம்.1 விதை ஊன்றினால் ஆறு மாதத்தில் காய் பறிக்கலாம் என்பது தெரிந்தே செய்த பிழை இது.

3. உதிர்வியல்

பூ நகத்தளவு, வெண்ணெய் நிறம், ஐந்து இதழ். கொத்துக் கொத்தாய்ப் பூத்தாலும் காயாக நிற்பவை சொற்பம். 1983இல் ‘முந்தானை முடிச்சு’ படம் வந்தபின் காய்க்குக் கிடைத்த புகழ் பூவுக்குக் கிடைக்காததற்கு, அது நிற்காமல் உதிர்வதும் காரணமாகலாம்.

முதல் விதி: பாசம் மிகின் பூ உதிரும். பூத்த மகிழ்ச்சியில் தினம் மூன்று வாளி ஊற்றினேன். மறுவாரம் துவைகல் முழுக்கப் பூ. பூக்கும்போது தண்ணீர் மிகுந்தால் முருங்கை கோபித்துக்கொள்ளும்.

இரண்டாம் விதி: உதிரும் திசையைக் காற்று தீர்மானிப்பதில்லை, மதில் தீர்மானிக்கிறது. வெயில் அந்தப் பக்கம் என்பதால் கிளையும் அந்தப் பக்கமே சாய்ந்தது.

“தம்பி, பூ சும்மா விழுந்து கெடக்கு. ரெண்டு கை பொறுக்கிக்கிட்டேன்” என்றார் பக்கத்து வீட்டு அக்கா. அவர் கையில் இருந்தது துறட்டி.

4. எதிர்ச்சான்று

ஐப்பசி மழையில் அடிமரத்தில் கம்பளிப்பூச்சி அடை அடையாய் அப்பியது. அதே மதில், அதே அக்கா: “தம்பி, உங்க மரத்தக் கொஞ்சம் கவனிக்கக் கூடாதா?”

ஆகவே முருங்கை பூக்காலத்தில் பொதுச்சொத்து, பூச்சிக்காலத்தில் தனிச்சொத்து. வேதாளம் இம்மரத்தைத் தேர்ந்த காரணமும் இங்கே துலங்குகிறது. கிளை மளுக்கென்று முறியும்; பின்னாலேயே ஏறிவந்து பங்கு கேட்க ஆளிராது.

5. முடிவுரை

இந்தப் பங்குனியில் வழக்கை மதில்மேல் வைத்தே பேசிவிடுவது என்றிருந்தேன். அதற்குள் மதிலைத் தாண்டி ஒரு கிண்ணம் வந்தது: பாசிப்பருப்பும் தேங்காய்த் துருவலும் போட்ட முருங்கைப்பூப் பொரியல். வழக்கு தள்ளுபடி.

போத்து நடவிருப்போர், மண்ணைப் பார்க்குமுன் பக்கத்து வீட்டாரின் கைப்பக்குவத்தைப் பார்த்துக்கொள்க.