உதைக்கும் உண்டு ஒரு சாஸ்திரம்

கேள்வி: நாற்பது வயதில் கிக்பாக்ஸிங் கற்க ஆசைப்படுகிறேன். "பெண்ணுக்கு எதற்கு உதையும் குத்தும்?" என்று கேலி செய்கிறார் என் கணவர். தாங்கள் என்ன சொல்கிறீர்கள்?

பதில்: உதை வாங்கப் பெண்ணுக்கு அருகதை உண்டு, கொடுக்க மட்டும் கிடையாது என்று எந்தச் சாஸ்திரமும் விதித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. 1960களில் ஜப்பானியர் தங்கள் கராத்தேயையும் தாய்லாந்தின் முவே தாய் யுத்தக் கலையையும் விவாகம் செய்துவைத்துப் பெற்ற சந்ததியே கிக்பாக்ஸிங். அந்தத் தாய்லாந்திலேயே, பெண்ணின் ஸ்பரிசம் பட்டால் மேடையின் புனிதம் கெடும் என்று அஞ்சி, பாங்காக்கின் பிரசித்தி பெற்ற லும்பினி அரங்கத்தார் 2021 வரையில் பெண்களைக் குத்துமேடையில் ஏற்றவில்லை, அவ்வாண்டில் பெண்கள் ஏறிப் போரிட்டார்கள், மேடை இடிந்துவிடவில்லை.

ஆரம்பத்தில் யாரையும் உதைத்துவிட முடியாது. கைகளில் துணிப்பட்டையைச் சுற்றிக்கொண்டு, முகவாயைத் தாழ்த்தி, முஷ்டிகளைக் கன்னத்தருகே உயர்த்தி, ஒழுங்காக நிற்கக் கற்பதே முதற்பாடம். மத்து சுழலாமல் வெண்ணெய் திரளாததுபோல, ஊன்றிய பாதம் திரும்பி இடுப்பு சுழன்றாலன்றி உதைக்குப் பலம் பிறவாது என்பது இரண்டாம் பாடம். முழங்காலையும் இருதயத்தையும் ஒரு வைத்தியரிடம் காட்டி அனுமதி பெற்றுக்கொள்வது விவேகம்.

கணவரைப் பற்றிக் கவலை வேண்டாம். வீட்டில் அப்பியாசம் செய்கையில், உதைகளை ஏந்திக்கொள்ளும் ‘பேட்’ என்னும் திண்டைப் பிடிக்க ஓர் ஆள் அவசியம். அந்த உத்தியோகத்தை அவருக்கே அளியுங்கள். தம் கேள்விக்குரிய பதிலை அவரே ஸ்வானுபவமாக உணர்ந்துகொள்வார்.