மேலே கீழே சாஸ்திரம்

திசைகளைப் பற்றி நூல் செய்தவர்கள் மாலுமிகளும் சோதிடர்களும் மனையடி சாஸ்திரிகளுமே அன்றி, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளை எதிரே உட்கார்த்திக்கொண்டு மேலே, கீழே, உள்ளே, வெளியே, இடம், வலம் என்னும் ஆறு சொற்களை வாசிக்கவைக்கத் தொண்டை வறளும் ஆசிரியைமார்கள் அல்லர். ஆகையால் இத்துறையில் நிலவும் பெருங்குறையை நிவர்த்திக்கும் பொருட்டு, ஒருபுறம் ஏரியும் மறுபுறம் வங்கக்கடலும் நடுவே மணல்திட்டுமாக அமைந்த பழவேற்காட்டுக் குப்பங்களை ஆராய்ச்சி ஸ்தலமாகக் கொண்டு இச்சிறு வியாசத்தை இயற்றத் துணிந்தேன்.

முன்னோர் நூல்களை முதலில் எடுத்துரைப்பது மரபு. 1613-இல் டச்சுக்காரர்கள் கெல்திரியா கோட்டையைக் கட்டிய இவ்வூரில், 1632 முதல் பத்தாண்டுகள் பாதிரியாராக இருந்த ஆபிரகாம் ரொஜேரியுஸ் எழுதி, அவர் காலஞ்சென்ற பின்னர் 1651-இல் லெய்டன் நகரத்தில் அச்சான நூலின் பெயர் 'திறந்த கதவு' என்று தொடங்குகிறது. கதவு திறந்திருக்கிறதே, 'உள்ளே', 'வெளியே' குறித்து ஏதேனும் அகப்படும் என்று ஆவலோடு நெருங்கினால், அது இந்து சமய ஆசாரங்களுக்குள் நுழையும் கதவாகிவிடுகிறது. நமக்கு மெய்யாகவே உதவுபவர் மரியா மாண்டிசோரி அம்மையார். 1939-இல் அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்து, யுத்தத்தின் காரணமாக 1946 வரை இந்நாட்டிலேயே தங்க நேர்ந்த அம்மையார், அதற்கு வெகுகாலம் முன்பே ரோமாபுரிக் குழந்தைகளிடம் கட்டளை எழுதிய சீட்டுகளைக் கொடுத்து, வாய் திறவாமல் அதன்படி செய்துகாட்டும் குழந்தையே பொருளறிந்து வாசித்தது என்று நிர்ணயித்தவர். 2022 ஜூன் மாதம் இதே திருவள்ளூர் மாவட்டத்து அழிஞ்சிவாக்கத்தில் தொடங்கப்பெற்று, பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று வகுத்து ஆட்டமும் பாட்டுமாகப் போதிக்கும் 'எண்ணும் எழுத்தும்' திட்டமும் இதற்கு அந்நியமன்று.

ஆனால் ரோமாபுரி வகுப்பறைக்குள் கடல் வந்து குறுக்கே நிற்கவில்லை. இங்கே லைட் ஹவுஸ் குப்பத்தில் வடக்கு நோக்கி நின்றால் கடல் வலப்புறம். திரும்பித் தெற்கு நோக்கினால் இடப்புறம். "நான் திரும்பினா கடலும் திரும்புமா டீச்சர்?" என்று ஒரு பிள்ளை கேட்டால், அதற்குத் தர்க்க சாஸ்திரத்தில் விடை உண்டு, ஒன்றாம் வகுப்பில் இல்லை. யார் எப்படித் திரும்பினாலும் அசையாத கடல்பக்கம், ஏரிப்பக்கம் என்ற இரண்டு சொற்களைக் கைவசம் வைத்திருப்பவனுக்கு, ஆளுக்கு ஆள் மாறும் இடமும் வலமும் ஏமாற்று வித்தையாகத் தோன்றுவதில் வியப்பில்லை. ஊர் வழக்கில் சோத்தாங்கை, பீச்சாங்கை என்றால் உடனே விளங்கும்; முன்னதைப் பாடநூலில் சேர்த்துவிடலாம், பின்னதன் பொருளை விளக்க எந்தப் பாடநூல் குழுவும் முன்வராது. 'உள்ளே' என்பதும் இலேசானதன்று: வீட்டைவிட்டு வெளியே போன அப்பா எங்கே என்று விசாரித்தால், "கடலுக்கு உள்ளே போயிருக்காரு" என்பதே இங்கு சரியான பதில்.

எழுத்தின் விஷமம் இவற்றுக்கெல்லாம் மேற்பட்டது. 'மேலே' என்ற சொல்லில் கொம்பு முன்னே நிற்க ஓசை பின்னே வருகிறது. 'கீழே' என்ற சொல்லோ, பொருள் கீழேயிருக்க, தலையில் மேல்விலங்குச் சுழியைச் சூடிக்கொண்டு நிற்கிறது. இப்படியொரு முரணை நம் முன்னோர் வேண்டுமென்றே வைத்தார்கள் என்று நான் சாதிக்கமாட்டேன். வைத்திருந்தால் அவர்களுக்குப் பிள்ளைகள் இருந்திருக்கமுடியாது.

இனிப் பிரயோகம். கரையேற்றிய படகைச் சுற்றி மணலில் வட்டம் கிழித்து, சீட்டைத் தூக்கிக் காட்டினால், 'மேலே' என்பதற்குப் படகின்மீது ஏறவேண்டும். 'கீழே' என்பதற்கு வெயிலில் காய்ந்த மணலில் உட்காரவேண்டும். பிள்ளைகள் அத்தனைபேரும் பிழையின்றிச் செய்தார்கள். ஆராய்ச்சி பூர்த்தியாயிற்று என்று மகிழ்ந்திருக்கையில், உண்மை மெல்லப் புலப்பட்டது: ஒரு சிறுமி சீட்டைப் படித்தாள், ஏனையோர் அச்சிறுமியைப் படித்தார்கள்.

இந்நோய்க்கு மருந்து ஏரியிலேயே இருக்கிறது. இறால் படும் இடங்களைத் தலைக்கட்டுக்காரர்கள் சீட்டுப்போட்டு, முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் 'பாடு' என்ற பழைய ஏற்பாட்டைப் பிள்ளைகள் நடக்கத் தொடங்கிய நாள்முதல் கேட்டறிந்திருக்கிறார்கள். அதையே ஆட்டத்துக்கும் விதித்து, சீட்டு விழுந்தவன் மட்டும் தன் பாட்டுக்குத் தனியே போகவேண்டும் என்றதும் காப்பியடித்தல் ஒழிந்தது. ஆனால் மாண்டிசோரி அம்மையார் எதிர்பாராத வேறொரு வித்தை முளைத்தது. படகேறும் சீட்டுக்குக் கிராக்கி உண்டாகி, மணலில் உட்காரும் சீட்டை எவன் தலையிலாவது கட்டப் பேரம் தொடங்கிற்று. பேரம் பேசுகிறவன் தன் சீட்டை மட்டுமின்றி எதிராளியின் சீட்டையும் வாசித்தாகவேண்டும் அல்லவா? ஆட்டம் சாதிக்காததை இந்த வியாபாரம் சாதித்ததைக் கண்ணாரக் கண்டேன்.

பெரியவன் ஒருவன், "இது மேலே சீட்டுடா, படகு ஏறலாம், உன் சீட்டக் குடு" என்று நீட்டினான். சின்னவன் அவசரப்படவில்லை, முதலெழுத்தின் தலையில் விரலை வைத்து உதடு அசையப் பார்த்தான்.

"மேல சுழி இருக்கு. அப்போ இது கீழே. நீயே போய்க் குந்து, போடா."