படுக்கை வாடகை, பயணம் முழுசு

கேள்வி: மட்டாஞ்சேரியைச் சுற்றிப் பார்க்க ஆசை; கையில் காசு குறைவு. முன்பின் தெரியாதவர்களோடு ஹாஸ்டலில் ஒரே அறையில் தங்கலாமா? (கல்லூரி மாணவர், மதுரை)

பதில்: தாராளமாக! ராத்திரி ரயிலில் யாரென்றே தெரியாதவருக்கு மேல் பெர்த்தில் குறட்டை விடுகிறவர்கள்தானே நாம்? பக்கத்து ஃபோர்ட் கொச்சியில் ஹாஸ்டல்கள் உண்டு. லாக்கர் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் பதிவு செய்யுங்கள். பூட்டைக் கையோடு கொண்டுபோங்கள். எர்ணாகுளத்திலிருந்து படகில் வந்தால் செலவு சொற்பம், காயல் காற்று இலவசம். 1568-இல் கட்டிய பரதேசி யூத ஜெபாலயத்துக்குச் சனிக்கிழமை விடுமுறை. 1555-வாக்கில் போர்த்துகீசியர் கட்டிக்கொடுத்த அரண்மனைக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. பணத்தோடு நாளையும் மிச்சப்படுத்த, ஞாயிறு முதல் வியாழனுக்குள் போய்வாருங்கள்.